கேளுங்க, சொல்றேன்: கேஸ் அடுப்பு நாசில் சந்தேகங்கள்

இந்த முறை வந்த கடிதங்கள்ல நிறைய அடுப்புத் தீ பத்தினதுதான். தீ குறைஞ்சு போச்சு, மஞ்சளா எரியுது, பாத்திரத்துல கரி பிடிக்குது, சிலிண்டர்லேர்ந்து பைப் கேஸுக்கு மாறிட்டோம் என்ன பண்றதுன்னு ஆளுக்கொரு விதமா எழுதியிருக்கீங்க, ஆனா எல்லாரும் கடைசியில சந்தேகப்படுறது நாசிலைத்தான், அதாவது கேஸ் வெளிய வர்ற அந்தச் சின்ன பித்தளைத் துண்டை. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரு கடிதம் அவசரமானது, அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்.

கேள்வி: நானே நாசிலைக் கழட்டி கழுவி மாட்டினேன். அடுப்பு எரியுது, ஆனா பக்கத்துல நின்னா லேசா கேஸ் வாசனை வருது. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு சமைக்கலாமா?

பதில்: வேண்டாம்மா, சமைக்கவே வேண்டாம். சிலிண்டர்ல ரெகுலேட்டரை மூடிடுங்க, கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறங்க, எந்த லைட் ஸ்விட்சையும் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், ரெண்டுலயுமே பொறி வரும். வாசனை பலமா இருந்தா வீட்டை விட்டு வெளிய வந்து அங்கேர்ந்து கேஸ் கம்பெனியோட அவசர நம்பருக்கு போன் பண்ணுங்க.

சிலிண்டர் கேஸுக்கு தானா பெரிசா வாசனை கிடையாது, மெர்காப்டன்னு ஒரு ரசாயனத்தைக் கொஞ்சமா கலந்துதான் அந்த நாத்தத்தைக் கொடுக்கறாங்க. காத்துல ஏறக்குறைய 2 சதவீதம் கேஸ் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், அதுல அஞ்சுல ஒரு பங்கு இருக்கும்போதே மூக்குக்குத் தெரியணும்ங்கற கணக்குலதான் கலக்கறது. அதனால லேசான வாசனைன்னா ஏற்கெனவே கேஸ் வெளிய வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், பழகிட்டா சரியாயிடும்னு விடற விஷயமே இல்ல. இன்னொண்ணு, சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், தரையிலதான் தேங்கும், மேல இருக்கற ஜன்னலை மட்டும் திறந்தா போதாது, வாசக்கதவையும் திறக்கணும்.

எங்கேர்ந்து வருதுன்னு எப்படிப் பிரிச்சுப் பாக்கறதுன்னு கேட்டீங்கன்னா, நாசில் இருக்கறது நாபுக்கு அந்தப் பக்கம், நாபை மூடிட்டா அதுவரைக்கும் கேஸே போகாது. ஸோ நாப் மூடியிருக்கும்போதும் வாசனை வந்தா நாசில் மேல தப்பு இல்ல, டியூப், ரெகுலேட்டர், இல்ல நாபோட வால்வுல லீக். எரியும்போது மட்டும் வந்தா நாசிலோட மரை சரியா உக்காரல, இல்லன்னா பர்னர் கோணலா இருக்கு. டியூப் ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவி குமிழ் வருதான்னு பாக்கலாம், தீக்குச்சி வச்சு பாக்கறதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீங்க. உங்க விஷயத்துல நாசிலைத்தான் தொட்டிருக்கீங்க, அதனால மெக்கானிக் வந்து கழட்டி மரையைப் பாத்து திரும்ப மாட்டற வரைக்கும் அந்த அடுப்பு மூடியே இருக்கட்டும்.

கேள்வி: பெரிய பர்னர்ல ஒரு பக்கம் தீ நல்லா வருது, இன்னொரு பக்கம் குட்டையா எரியுது. நாசில்ல அடைப்பா இருக்கும், குண்டூசி விட்டு குத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. குத்தலாமா?

பதில்: ரெண்டு தப்பு ஒண்ணா இருக்கு இதுல. முதல்ல, இது நாசில் பிரச்சனையே இல்ல. நாசில்ல இருக்கறது ஒரே ஒரு ஓட்டை, அதுலேர்ந்து கேஸ் மிக்சிங் டியூபுக்குள்ள பாஞ்சு அங்க காத்தோட கலந்து அப்புறம்தான் பர்னர் தலைக்குப் போய் வட்டமா பிரியுது. அப்போ நாசில் அடைச்சா வட்டம் முழுக்க தீ சின்னதாகணும், ஒரு பக்கம் மட்டும் குறையாது. ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சா பர்னர் தலையில இருக்கற துளைகள்ல அந்தப் பக்கத்துது அடைச்சிருக்கு, கொதிச்சு வழிஞ்சது காஞ்சு ஒட்டியிருக்கும், இல்லன்னா மேல மூடி அதோட பள்ளத்துல சரியா உக்காராம ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு இருக்கும். பர்னரை எடுத்து வெந்நீர்ல சோப்பு போட்டு ஊற வச்சு பிரஷ்ல தேய்ங்க, நல்லா காய விட்டு பொருத்துங்க, பத்துக்கு ஒன்பது தடவை அத்தோட சரியாயிடும். பல்குச்சி விடாதீங்க, முனை உள்ள ஒடிஞ்சா அதை எடுக்கறது தனி வேலை.

ரெண்டாவது, குண்டூசி. இதை நான் எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் திரும்பத் திரும்ப சொல்லணும்னு தோணுது, ஏன்னா கெடுதல் உடனே தெரியாது. நடுத்தர பர்னரோட நாசில் ஓட்டை சிலிண்டர் கேஸுக்கு பெரும்பாலும் 0.65 மிமீ சுத்துவட்டாரத்துல இருக்கும். குண்டூசியோட பருமனும் ஏறத்தாழ அதே அளவு. பித்தளை மிருதுவான உலோகம், ஊசி எஃகு, நீங்க உள்ள விட்டு திருகும்போது அழுக்கு மட்டும் வராது, பித்தளையும் கொஞ்சம் தேஞ்சு வரும். 0.65 இருந்தது 0.70 ஆச்சுன்னு வைங்க, இருபதுல ஒரு பங்கு மிமீ, கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனா ஓட்டையோட பரப்பு 16 சதவீதம் கூடிடுது, கேஸும் அதே அளவு கூடுது. காத்து போற வழி அப்படியே இருக்கு, பர்னர் துளைகள் அப்படியே இருக்கு, கேஸ் மட்டும் அதிகம். பாதி எரிஞ்சும் எரியாமலும் மஞ்சத் தீ வரும், பாத்திர அடியில கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு உண்டாகும், அதுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல. அடுப்பு முன்னாடி தினமும் நிக்கறவங்க மூச்சுக்குள்ளதான் அது போகுது, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

அளவு கூடறது மட்டும் இல்ல, ஓட்டையோட வடிவமும் கெடும். கம்பெனியில ட்ரில் பண்ணும்போது துல்லியமா வட்டமா, நேரா போட்டிருப்பாங்க. ஊசி பட்டு ஒரு ஓரம் நசுங்கினா கேஸ் பாயறது கோணலாகி மிக்சிங் டியூபோட சுவர்ல மோதும். கேஸ் வேகமா நேரா பாயறதாலதான் பக்கத்துக் காத்தை தானா இழுத்துக்கிட்டு போகுது, அந்தப் பாய்ச்சல் சிதறினா காத்து இழுக்கறதும் குறையும். கேஸ் கூடி காத்து குறைஞ்சா என்ன ஆகும்னு மேல சொல்லிட்டேன்.

கேள்வி: அப்படின்னா வீட்டுலயே நாசிலை சுத்தம் பண்றது எப்படி? எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை?

பதில்: மாசக் கணக்கு வேண்டாம். தீ முழு வட்டமா குறைஞ்சா, அதுவும் ஒரு பர்னர்ல மட்டும் குறைஞ்சா, அப்போ நாசிலைப் பாருங்க. எல்லா பர்னர்லயும் ஒண்ணா குறைஞ்சா அது நாசில் இல்ல, சிலிண்டர் தீரப் போகுது, இல்ல ரெகுலேட்டர், இல்ல டியூப் எங்கயாவது மடங்கியிருக்கு. நல்லா நீலமா எரியற அடுப்பைக் கழட்டவே கழட்டாதீங்க, மரைக்கு அது நல்லதில்ல.

கழட்டறதுன்னா முதல்ல சிலிண்டர்லயே மூடிட்டு, டியூப்ல மிச்சம் இருக்கற கேஸ் எரிஞ்சு தீரட்டும்னு ஒரு பர்னரை பத்த வச்சு தானா அணைய விடுங்க. அடுப்பு முழுசா ஆறணும். மேடையில பதிச்ச மாடல்னா மூடி, பர்னர் தலை ரெண்டையும் தூக்கினா கிண்ணம் மாதிரி இருக்கற குழிக்கு நடுவுல நாசில் தெரியும், 7 மிமீ பாக்ஸ் ஸ்பேனர் பெரும்பாலும் சரியா உக்காரும். கால் வச்ச மேசை அடுப்புன்னா நாசில் நாபுக்கு நேர் பின்னால, மிக்சிங் டியூபோட வாய்க்குள்ள இருக்கும், அடுப்பைக் கவுத்துப் போட்டு ஸ்க்ரூ எடுத்துதான் பாக்கணும், பழக்கம் இல்லன்னா அதுல கை வைக்காதீங்க. ஒரு நேரத்துல ஒரு பர்னர் நாசில் மட்டும் கழட்டுங்க. எல்லாத்தையும் கழட்டி ஒரே கிண்ணத்துல போட்டு கழுவிட்டு, எது எந்த பர்னர்தோடதுன்னு தெரியாம மாத்தி மாட்டறது ரொம்ப சகஜமா நடக்குது, சின்ன பர்னர்ல பெரிய நாசில் போனா அது ஊசி வச்சு குத்தினதை விட மோசம்.

கழட்டினதை வெந்நீர்ல பாத்திரம் கழுவற சோப்பு போட்டு அரை மணி நேரம் ஊற வைங்க. பழைய டூத்பிரஷ்ல வெளிய தேய்ங்க. ஓட்டைக்குள்ள ஏதாவது விட்டே ஆகணும்னா அந்த பிரஷ்லேர்ந்தே ஒரே ஒரு நைலான் முடியைப் பிடுங்கி விடுங்க, அது பித்தளையைக் கீறாது. அப்புறம் ஊதறது, இதுல திசை முக்கியம், சின்ன ஓட்டைப் பக்கத்துலேர்ந்து பெரிய வாய்ப் பக்கமா ஊதணும், அப்போதான் அழுக்கு அகலமான வழியா வெளிய வரும், எதிர்ப்பக்கம் ஊதினா இன்னும் இறுக்கமா போய் சிக்கும். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, விளிம்பு சுத்தமா குட்டியா ஒரு வட்டம் தெரியணும். ஓரத்துல பிசிர் மாதிரி தெரிஞ்சா, முட்டை வடிவமா தெரிஞ்சா அது கெட்டுப் போன நாசில், மாத்திடுங்க. ஆசிட், ப்ளீச், அம்மோனியா கலந்த கிளீனர் எதுவும் வேண்டாம்.

நல்லா காஞ்ச பிறகு கையால நாலஞ்சு சுத்து திருகுங்க, ஸ்பேனரை எடுத்தவுடனே போட்டா மரை ஏடாகூடமா ஏறிடும். கையில லேசா போகணும், போகலன்னா எடுத்துட்டு திரும்ப. கடைசியில மட்டும் ஸ்பேனரால ஒரு இறுக்கு, பலம் காட்ட வேண்டாம். டெஃப்லான் டேப் சுத்தலாமான்னு இன்னொரு வாசகர் தனியா கேட்டிருக்கார், சுத்தக்கூடாது, நாசில் உலோகத்தோட உலோகம் அழுந்தி உக்கார்ற மாதிரி செஞ்சது, டேப் துணுக்கு ஒண்ணு உள்ள போனா அதுவே ஓட்டையை அடைச்சிடும். பத்த வச்ச பிறகு நாசில் அடியில தனியா தீ எட்டிப் பாத்தா மரை உக்காரலன்னு அர்த்தம், உடனே மூடுங்க.

கேள்வி: நாசில் மேல 50, 65, 85ன்னு எண் போட்டிருக்கு. எதை வாங்கணும்?

பதில்: பல கம்பெனிகள் போடற அந்த எண் ஓட்டையோட விட்டம், மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கணக்குல. 50ன்னா 0.50 மிமீ, 85ன்னா 0.85 மிமீ. சிலிண்டர் கேஸ்ல ஓடற அடுப்புல 1 கிலோவாட் சுமாருக்கு இருக்கற குட்டி பர்னருக்கு 50, 1.75 கிலோவாட் நடுத்தரத்துக்கு 65, 3 கிலோவாட் பெரிசுக்கு 85, இந்த மாதிரி வரும். இது பொதுவான அளவு, உங்க அடுப்புக்கு இதுதான்னு எடுத்துக்காதீங்க. அடுப்போட கையேட்டுல ஒரு அட்டவணை இருக்கும், கேஸ் வகை, அழுத்தம், பர்னர், நாசில் எண்ணுன்னு. கையேடு தொலைஞ்சிருந்தா அடுப்புக்கு அடியில ஒட்டியிருக்கற தகட்டுல மாடல் நம்பர் இருக்கும், அதைச் சொல்லி கேளுங்க. சில கம்பெனிகள் தங்களோட சொந்தக் குறியீடு போடும், அங்க எண்ணை விட்டம்னு நினைச்சு வாங்கினா தப்பாயிடும்.

பழசை கையில எடுத்துக்கிட்டு போய் இதே அளவு குடுங்கன்னு கேக்கறது நல்ல வழிதான், மரையும் ஒத்துப் பாத்துக்கலாம், ஏன்னா மரை எல்லா அடுப்புக்கும் ஒண்ணு இல்ல. ஆனா அந்தப் பழசை யாராவது முன்னாடி குத்தியிருந்தா ஓட்டையை அளந்து பாத்து வாங்கக்கூடாது, மேல பொறிச்சிருக்கற எண்ணைத்தான் நம்பணும். முடிஞ்ச வரைக்கும் அந்தந்த கம்பெனி நாசிலையே வாங்குங்க.

கேள்வி: சிலிண்டர்லேர்ந்து பைப்ல வர்ற இயற்கை எரிவாயுவுக்கு மாறினோம். அதே அடுப்புல தீ ரொம்பச் சின்னதா வருது. மெக்கானிக் ஓட்டையை ட்ரில் போட்டு பெரிசாக்கித் தர்றேன்னு சொல்றார், சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்காதீங்க. தீ சின்னதா வர்றது அடுப்போட குறை இல்ல, கேஸ் மாறிடுச்சு. சிலிண்டர்ல இருக்கறது புரொப்பேனும் பியூட்டேனும், பைப்ல வர்றது பெரும்பாலும் மீத்தேன். ஒரே கன அளவு எடுத்தா சிலிண்டர் கேஸ்ல இருக்கற வெப்பம் இயற்கை எரிவாயுவை விட ரெண்டரை மடங்குக்கு மேல. அழுத்தமும் வேற, சிலிண்டர் அடுப்பு பொதுவா 28லேர்ந்து 37 மில்லிபார் வரைக்கும் ஏதோ ஒரு அளவுக்கு செஞ்சிருப்பாங்க, இயற்கை எரிவாயுவுக்கு 20 மில்லிபார் சுமார். வெப்பமும் குறைவு, தள்ளற அழுத்தமும் குறைவு, அப்போ அதே தீ வேணும்னா ஓட்டை பெரிசா இருந்தாதான் முடியும். 1.75 கிலோவாட் பர்னருக்கு சிலிண்டர்ல 65ன்னா இயற்கை எரிவாயுவுக்கு 97 மாதிரி வரும். 97ஐ 65ஆல வகுத்து அதை வர்க்கம் பண்ணிப் பாருங்க, ரெண்டே கால் மடங்கு கிட்ட பரப்பு. இதுக்குன்னே வோபே எண்ணுன்னு ஒரு கணக்கு இருக்கு, கேஸோட வெப்பத்தை அதோட ஒப்படர்த்தியோட, அதாவது காத்தோட ஒப்பிட்டா அது எவ்வளவு கனம்ங்கறதோட, வர்க்கமூலத்தால வகுக்கறது, ஒரே நாசில்ல ரெண்டு கேஸ் மாத்தி விட்டா எவ்வளவு வித்தியாசம் வரும்னு அதுதான் சொல்லும்.

அப்போ ட்ரில் போட்டா என்னன்னு கேட்டீங்கன்னா, கையில பிடிச்சு போடற ட்ரில் நேரா இறங்காது, விளிம்பு பிசிராகும், அளவும் சொன்னபடி வராது. அதோட நாசில் மட்டும் மாத்தறது பாதி வேலைதான். மிக்சிங் டியூப்ல ஏர் ஷட்டர், அதாவது காத்து நுழையற வாயைத் திறந்து மூடற வளையம், இருக்கற மாடல்னா காத்து அளவை திரும்ப வைக்கணும், ஏன்னா ஒரு பங்கு மீத்தேன் எரிய ஏறக்குறைய 10 பங்கு காத்து போதும், புரொப்பேனுக்கு 24, பியூட்டேனுக்கு 31 வேணும். சிம் தீயை முடிவு பண்ற பைபாஸ் ஸ்க்ரூவை மாத்தணும். ரெகுலேட்டரும் டியூபும் அந்த கேஸுக்கு உரியதா இருக்கணும். இதெல்லாம் முடிஞ்ச பிறகு அடுப்பு அடியில இப்போ எந்த கேஸுக்கு செட் பண்ணியிருக்குன்னு லேபிள் ஒட்டணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க, பின்னால வேற யாராவது அந்த அடுப்பை வாங்கினா அவங்களுக்கு எப்படித் தெரியும்?

பழைய நாசில்களை ஒரு கவர்ல போட்டு எழுதி பத்திரமா வைங்க, வீடு மாறி திரும்ப சிலிண்டர் வந்தா வேணும். அந்த மாதிரி திரும்பும்போதுதான் உண்மையான ஆபத்து, பெரிய ஓட்டை நாசில் அப்படியே இருக்க சிலிண்டரை மாட்டினா ரெண்டு மடங்குக்கு மேல கேஸ் பாயும், தீ பாத்திரத்தைத் தாண்டி மஞ்சளா எழும்பும். எல்லா அடுப்பையும் மாத்தவும் முடியாது, கையேட்டுல ரெண்டு கேஸும் போட்டிருந்தா மட்டும்தான். இன்னொரு விஷயம், மீத்தேன் காத்தை விட லேசு, லீக் ஆனா கூரைப் பக்கம் சேரும், அதனால இனிமே மேல இருக்கற காத்துவழியை மூடி வைக்காதீங்க.

கேள்வி: தீ மஞ்சளா எரியுது. நாசிலை மாத்திட்டேன், அப்படியேதான் இருக்கு.

பதில்: எந்த மாதிரி மஞ்சள்னு நீங்க எழுதல, அதுலதான் விஷயம் இருக்கு. நீலத் தீக்கு நடுவுல அப்பப்போ ஆரஞ்சுப் பொறி மாதிரி பறந்தா பயப்பட வேண்டாம், தூசியோ உப்போ பட்டு எரியுது, உப்புல இருக்கற சோடியம் தீயில பட்டா அந்த நிறம் வரும். ரூம்ல ஈரப்பதத்துக்காக மிஷின் ஓடினா, தண்ணியில இருக்கற உப்பு காத்துல பரவி தீ முழுக்க ஆரஞ்சா தெரியும், மிஷினை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க. சிலிண்டர் தீரப் போற சமயம் மட்டும் மஞ்சளாகி வாசனையும் கூடினா, கனமான மிச்சமும் மெர்காப்டனும் அடியில சேர்ந்து வருது, புது சிலிண்டர் போட்டா போயிடும்.

ஆனா தீயோட நுனி முழுக்க எப்பவும் மஞ்சளா, துவண்டு ஆடற மாதிரி எரிஞ்சு பாத்திரத்துல கரி பிடிச்சா காத்து பத்தல. 1855ல ஜெர்மனியில ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துல ராபர்ட் புன்சனோட சோதனைச்சாலைக்கு செஞ்ச பர்னர்ல இருக்கற அதே சூட்சுமம்தான் உங்க அடுப்புலயும், எரியறதுக்கு முன்னாடியே கேஸோட காத்தைக் கலந்துடறது. அந்தக் காத்து நுழையற வாய் நாசிலுக்குப் பக்கத்துல, அங்க எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருக்கும், யாருமே அதைப் பாக்கறதில்ல. மிக்சிங் டியூபை வெளிய எடுத்து பாட்டில் பிரஷ் விட்டு கழுவி காய வைங்க. ஏர் ஷட்டர் வளையம் நகர்ந்து மூடியிருக்கான்னு பாருங்க, கொஞ்சம் கொஞ்சமா திறந்து தீ நீலமாகி உள்ள கூர்மையா ஒரு கூம்பு தெரியற இடத்துல நிறுத்துங்க. அப்புறம் மிக்சிங் டியூப் நாசிலுக்கு நேரா நடுவுல இருக்கணும், அடுப்பைத் துடைக்கும்போது தட்டி கோணலாகியிருக்கலாம். இதெல்லாம் பாத்தும் மஞ்சள்னா நீங்க மாத்தின நாசில் எண்ணை சரி பாருங்க. அது வரைக்கும் ஜன்னல் திறந்தே இருக்கட்டும், தலைவலி, குமட்டல் வந்தா உடனே அடுப்பை அணைச்சுட்டு வெளிய போயிடுங்க.

கேள்வி: தீ பர்னரை விட்டு எகிறி, உஸ்ஸுன்னு சத்தத்தோட எரியுது. சின்ன நாசில் போட்டா சரியாகுமா?

பதில்: காத்து அதிகம், இல்ல அழுத்தம் அதிகம். ஒரு பர்னர்ல மட்டும்னா ஏர் ஷட்டரைக் கொஞ்சம் மூடிப் பாருங்க. எல்லாத்துலயும்னா ரெகுலேட்டர் பழுது, அதை மாத்தணும். நாசிலை சின்னதாக்கி சமாளிக்கறது ரெகுலேட்டர் பழுதை மறைக்கற வேலை, அப்படி விட்டா டியூபுக்கும் வால்வுக்கும் அதே அதிக அழுத்தம்தான்.

கேள்வி: ரொம்ப நாள் பூட்டியிருந்த வீட்டுக்கு வந்து அடுப்பைப் பத்த வச்சேன், டப்புன்னு சத்தம் வந்து தீ மேல வராம உள்ள டியூப்ல எரியற மாதிரி கேட்டுச்சு, பயந்து அணைச்சிட்டேன்.

பதில்: அணைச்சது ரொம்ப சரி. அதை அப்படியே எரிய விட்டா நாசில் முனையிலயே தீ நின்னு டியூபும் நாபும் சூடாகி உருகற அளவுக்குப் போகும். பயன்படுத்தாம கிடந்த அடுப்புல சிலந்தியும் சின்னப் பூச்சிகளும் மிக்சிங் டியூபுக்குள்ள கூடு கட்டும், கேஸ் போற வேகம் அங்க தடைபட்டு குறையுது, வேகம் குறைஞ்சா தீ பின்வாங்கி உள்ள ஓடி வந்துடும். நாசில் பாதி அடைச்சிருந்தாலும், மூடி சரியா உக்காராம இருந்தாலும் இதே மாதிரி நடக்கும். முழுசா ஆறின பிறகு டியூபையும் நாசிலையும் ரெண்டையும் பாத்து சுத்தம் பண்ணுங்க. அதோட ரப்பர் டியூபை வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மாத்திட்டுதான் அடுத்த தடவை பத்த வைக்கணும்.

கேள்வி: சீக்கிரம் கொதிக்கணும்னு நடுத்தர பர்னர்ல பெரிய நாசில் போடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. பர்னர் தலையில இருக்கற துளைகளும் பாத்திரம் நிக்கற உயரமும் ஒரு குறிப்பிட்ட கேஸ் அளவுக்கு செஞ்சது. கேஸைக் கூட்டினா தீ நீளமாகி, முழுசா எரியறதுக்கு முன்னாடியே ஆறின பாத்திரத்துல மோதி பாதியில அணையும், மிச்சம் கரியாவும் கார்பன் மோனாக்சைடாவும் போகும், கூட்டின கேஸ் கொதிக்கறதுக்கு உதவறதை விட பக்கவாட்டுல சூடா வீணாகறது அதிகம். அகலமான பாத்திரத்தைப் பெரிய பர்னர்ல வச்சு மூடி போட்டு கொதிக்க விடுங்க, தீ பாத்திர ஓரத்தைத் தாண்டாம இருக்கட்டும்.

கேள்வி: பித்தளை நாசில் நல்லதா, ஸ்டீல் நல்லதா? எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?

பதில்: பெரும்பாலான அடுப்புல பித்தளைதான் வருது, துரு பிடிக்காது, துல்லியமா ஓட்டை போட வசதி. கம்பெனி எந்த உலோகத்துல குடுத்துச்சோ அதையே போடுங்க. கேஸ் போய்ப் போய் ஓட்டை தேயாது, அதனால வருஷக் கணக்கு வச்சு மாத்த வேண்டியதில்ல. குத்தினது, மரை போனது, கேஸ் மாறினது, இந்த மூணுக்குத்தான் புதுசு வாங்கணும்.

கேள்வி: பெரிசா வச்சா நல்லா எரியுது, சிம்ல வச்சா அணைஞ்சு போகுது. நாசில் மாத்தணுமா?

பதில்: நாசில் அடைச்சிருந்தா பெரிசா வைக்கும்போதுதான் முதல்ல தெரியும், அதனால அதை விட்டுடலாம். சிம்ல வரவேண்டிய கேஸை முடிவு பண்றது நாபுக்குக் கீழ இருக்கற பைபாஸ் ஸ்க்ரூ, அது அளவுக்கு மீறி இறுகியிருந்தாலோ அழுக்கு அடைச்சிருந்தாலோ தீ நிக்காது. நாபை இழுத்து எடுத்தா சில மாடல்ல தெரியும், ஆனா அதுல அரை சுத்து வித்தியாசமும் பெரிசு, மெக்கானிக்கை விட்டே செய்யச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, தீ அணைஞ்சா தானா கேஸை நிறுத்தற வசதி உள்ள அடுப்பா உங்களுது? அப்படின்னா பர்னர் ஓரத்துல ஒரு சின்ன உலோக முனை நீட்டிக்கிட்டு இருக்கும், தெர்மோகப்பிள். அது மேல கரி படிஞ்சாலோ வளைஞ்சு தீக்கு எட்டாம இருந்தாலோ சின்னத் தீயில சூடு பத்தாம வால்வு மூடிக்கும். ஆறின பிறகு மிருதுவான துணியால அந்த முனையைத் துடைச்சுட்டு பத்த வச்சு, நாபை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சு விட்டுப் பாருங்க. அப்பவும் நிக்கலன்னா தெர்மோகப்பிளை மாத்தச் சொல்லுங்க.